பட்டியலில் பதினான்காவது பெயர்

மார்ஸ்டன், ஓஹாயோ
6 செப்டம்பர் 1888

வின்னி அக்கா,

முதலில் உட்கார். நின்றுகொண்டே படித்தால் மயங்கி விழுந்து இஸ்திரிப் பெட்டியில் மூக்கைத் தீய்த்துக்கொள்வாய். தீய்ந்த மூக்கை லூக் டூலன் கட்டிக்கொள்வானா என்று எனக்குத் தெரியாது.

உட்கார்ந்தாயா? சரி. ஆல்பனி கிளப் என்னைக் கேட்கிறது.

போன செவ்வாய்க்கிழமை அவர்கள் இங்கே வந்து ஒரு நட்பு பேஸ்பால் ஆட்டம் ஆடினார்கள். நான் வழக்கம்போல இரண்டாம் தளத்தில், செகண்ட் பேஸில், நின்றேன். என் பக்கம் வந்த பந்தில் ஒன்றுகூட என்னைத் தாண்டிப் போகவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவர்கள் கேப்டன் கில்ராய் என்னைப் பார்வையாளர்கள் உட்காரும் பலகை மேடைக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"தம்பி, உனக்கு எந்த ஊரு?"

"ட்ராய், சார்."

"ட்ராயா! அட, எங்க மைதானத்துலேருந்து ஆறு மைலு. இங்க வந்து எதுக்குடா கெடக்குற? என்ன குடுக்குறாங்க?"

"மாசம் எழுபது டாலர்."

அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் எத்தனை உடைந்திருக்கிறது என்று எண்ணினார் போல. "நூத்திப்பத்து தர்றேன். வர்ற வருஷம் வந்துரு. ஆடிட்டு வீட்டுக்குப் போயி வீட்டுச் சோறு தின்னு" என்றார்.

நூற்றிப்பத்து! ஊர் முழுவதற்கும் சட்டைக் கழுத்துப்பட்டை வெளுத்து விறைப்பேற்றி அனுப்புகிற நீ, உன் கழுத்தை நீட்ட நேரம் வந்துவிட்டது. நான் வீட்டிலிருந்தே ஆடுவேன். கட்டிலோடு கிடக்கிற அப்பாவைக் காலையிலும் இரவிலும் நானே தூக்குவேன். வெளியூர் ஆட்டம் என்றால் பக்கத்து வீட்டு மிசஸ் காயிலுக்குக் காசு கொடுத்து நிறுத்திவிடலாம். நூற்றிப்பத்தில் அதற்கும் இடம் இருக்கிறது. நீ லூக்கோடு சிகாகோவுக்கு ரயில் ஏறு.

இங்கே என் ஒப்பந்தம் அக்டோபர் இருபதோடு முடிகிறது. குளிர்காலத்தில் கிளப் சல்லிக்காசு தராது. ஆகவே நானும் எங்கள் அணி லென்ஸும் இன்னும் சிலரும் தெற்கே போய் வசூலைப் பங்குபோட்டு ஆடப் போகிறோம். பிப்ரவரி நடுவில் வந்து கதவைத் தட்டுவேன்.

மற்றபடி என் நடத்தை தங்கம். கிளப் செக்ரட்டரி மிஸ்டர் பெல்டனுக்குத்தான் கொஞ்சம் ஜுரம். போன வாரம் ஒரு நாள் மைதான வாசலில், 'இன்று பெண்களுக்கு அனுமதி இலவசம், தாடி வைத்த செக்ரட்டரிகளுக்கு இரட்டைக் கட்டணம்' என்று அழகாக அச்சடித்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நூற்றெண்பது பெண்கள் வந்து நின்றார்கள். அச்சகத்தில் இரண்டு வருடம் மை துடைத்தவன் இந்த ஊரில் யார் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

மலாக்கி


ட்ராய், நியூயார்க்
16 செப்டம்பர் 1888

மலாக்கி,

உட்காரவில்லை. அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டு நின்றபடிதான் படித்தேன். மூக்கு பத்திரமாக இருக்கிறது.

கடிதத்தை லூக்கிடம் காட்டினேன். அவன் இரண்டு தடவை படித்துவிட்டு, "இது உன் தம்பி நெஜமா சொல்றதா, வெளையாட்டா சொல்றதா?" என்று கேட்டான். "தெரியல" என்றேன். ஒரு அக்கா தன் தம்பியைப் பற்றி இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வருடம் பிஷப் மூன்றாம் தெருச் சமையலறைகளைப் பார்வையிட வருகிறார் என்று முத்திரையோடு அச்சடித்த கடிதம் வந்ததே, நினைவிருக்கிறதா? நான் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். இரண்டு ரொட்டி சுட்டேன். ஞாயிறு உடுப்போடு வாசலில் நின்றேன். பிஷப்புக்குப் பதில் நீ வந்தாய், தலையில் தலையணை உறை. தெருவே சிரித்தது. அப்போது அப்பாவுக்கு வாய் கோணவில்லை. அவர்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். அதனால் அன்றைக்கு உன்னை விட்டுவிட்டேன்.

இது அப்படிப்பட்ட காரியம் இல்லை. சிகாகோ அடுப்பு ஆலையில் லூக்கை மார்ச் பதினைந்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள். மார்ச் ஆறாம் தேதி சாம்பல் புதன். தவக்காலத்தில் பாதிரியார் யாருக்கும் கல்யாணம் செய்துவைக்க மாட்டார் என்று உனக்கே தெரியும். ஆகவே அதற்கு முன்னால் நீ இந்த வீட்டில் இருக்க வேண்டும். இப்போது தினமும் வேலை முடிந்து வந்து அப்பாவைக் கட்டிலில் தூக்கிப் போடுவது லூக்தான். அவன் போய்விட்டால் என்னால் தனியாக முடியாது.

எனக்கு இருபத்தைந்து வயதாகிறது. எதோடு வேண்டுமானாலும் விளையாடு. இதோடு வேண்டாம்.

வின்னி


மார்ஸ்டன்
13 அக்டோபர் 1888

அக்கா,

ஆல்பனி இல்லை.

இதை எப்படி எழுதுவது என்று மூன்று தாள் கிழித்துவிட்டேன். சொல்லச் சொல்ல நானே கட்டிய கதை போலத்தான் இருக்கிறது. ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

அக்டோபரில் ஒவ்வொரு கிளப்பும் பதினான்கு பெயர் எழுதி ஒரு பட்டியல் வெளியிடும். அந்தப் பட்டியலில் இருக்கிறவனை அடுத்த வருடம் வேறு எந்தக் கிளப்பும் தொடக் கூடாது. தொடமாட்டோம் என்று எல்லாக் கிளப்பும் ஒன்றாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்கின்றன. என் ஒப்பந்தம் இருபதாம் தேதி முடிகிறது. அதற்குப் பிறகு எனக்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் நான் இவர்களுடையவன். அடுத்த அக்டோபரில் மறுபடியும் பட்டியல் எழுதுவார்கள். அவர்களுக்குச் சலிக்கும்வரை எழுதலாம். எனக்குச் சலித்தால் அதற்கு ஒரு பட்டியலும் கிடையாது.

பட்டியலில் பதினான்காவது பெயர் என்னுடையது. கில்ராய் நான்கே வரி எழுதியிருக்கிறார்: "தம்பி, உன் பேரை அங்க பாத்துட்டேன். இனி உன்ன நான் தொட்டா எங்க கிளப்பையே தூக்கிருவாங்க. மன்னிச்சுக்க."

இது போதாதென்று இன்னொன்று. ஆட்டக்காரர்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ, பி, சி, டி, ஈ. ஆட்டம் மட்டும் கணக்கில்லை. ஒழுக்கம், பழக்கவழக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வகுப்பு. நான் ஈ வகுப்பு. மாதம் அறுபது, வருடத்துக்கு ஒரு தடவை உடுப்புக்கு முப்பது பிடித்தம், வெளியூர் போனால் நாளைக்கு ஐம்பது சென்ட் பிடித்தம். தவிர, ஈ வகுப்புக்காரன் ஆட்டத்துக்கு முன்னால் மைதானம் கூட்ட வேண்டும், வாசலில் டிக்கெட் வாங்க வேண்டும். கூட்டம் வராத நாளில் ஈ ஓட்ட வேண்டியதும் நான்தான் போல.

அந்த நோட்டீஸ்தான் காரணமாக இருக்க வேண்டும். பெல்டன் கண்டுபிடித்திருப்பார். அதனால்தான் இந்த வகுப்பு. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். ஒருவேளை பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடலாம்.

ஒப்பந்தத் தாளை வீட்டு விலாசத்துக்குத்தான் அனுப்புவார்கள். வந்தால் பத்திரமாக வை. என் விலாசம்: நியூ ஆர்லியன்ஸ், செயின்ட் சார்லஸ் தெரு, மிசஸ் துப்ரேயின் விடுதி.

அக்கா, இது விளையாட்டு இல்லை.

மலாக்கி


ட்ராய்
21 அக்டோபர் 1888

மலாக்கி,

நன்றாக ஜோடித்திருக்கிறாய். பிஷப் கடிதத்தைவிட நன்றாக இருக்கிறது. பதினான்கு பெயர் என்று கணக்குச் சொன்னது நல்ல கைவரிசை. ஈ வகுப்பு இன்னும் நல்ல கைவரிசை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சலவைக் கூடத்தில் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். ரோஸ் மக்கீவர் கேட்டாள்: "ஏண்டி வின்னி, வேலை முடிஞ்சுபோச்சு, சம்பளமும் கெடையாது, ஆனா வேற எடத்துக்குப் போகக் கூடாதா? அப்ப அவன என்ன, வாங்கியா வச்சிருக்காங்க?" அத்தனை பேரும் சிரித்தார்கள். எங்கள் மேஸ்திரியம்மா ஒரு டஜன் பட்டைக்கு அரை சென்ட் குறைத்தபோது நாங்கள் எட்டுப் பேர் அன்றைக்கே ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு சலவைக்குப் போனோம். ஒரு வாரத்தில் அரை சென்ட்டைத் திரும்பக் கொடுத்துக் கூட்டிக்கொண்டார்கள். போக முடிகிறவளுக்குத்தான் கூலி ஏறும். கூலிக்காரர்களில் எவரும் அறியாத ஒரு சட்டம், பந்து பொறுக்குகிற பையனுக்கு மட்டும் இருக்கிறதாம்.

வர மனம் இல்லை என்றால் அதை எழுது. 'அப்பாவைத் தூக்க எனக்கு இஷ்டமில்லை' என்று ஒரே வரி. நான் ஏற்றுக்கொள்வேன். அதற்கு ஏன் இவ்வளவு அச்சு வேலை?

ஒப்பந்தத் தாள் வருமா? வரட்டும். நானே பதில் எழுதுகிறேன்.

வின்னி


மெம்ஃபிஸ், டென்னசி
12 நவம்பர் 1888

அக்கா,

உன் கடிதம் மார்ஸ்டனைச் சுற்றிக்கொண்டு இன்றைக்குத்தான் வந்தது. கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் பெல்டன் அறைக்குப் போனேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். நீ பார்த்திருந்தால் அதையும் நடிப்பென்றுதான் சொல்லியிருப்பாய்.

"சார், அந்த நோட்டீஸ் ஒட்டுனது நான்தான். மன்னிச்சிருங்க."

"எந்த நோட்டீஸ்?"

"பொம்பளைங்களுக்கு இலவசம்னு."

"அட, அது நீயா!" அவர் சிரித்தார். "நல்லாத்தான் இருந்துச்சு. எங்க வீட்டம்மாவே அன்னிக்குத்தான் மொத தடவ ஆட்டம் பாத்தா. அதுக்கென்ன இப்போ?"

"அதுக்காகத்தானே எனக்கு ஈ வகுப்பு?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். வகுப்புப் பட்டியல். மேலே தேதி: ஜூலை 2. நோட்டீஸ் ஒட்டியது ஆகஸ்ட் கடைசியில்.

"பாத்தியா? உன் நோட்டீசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப எதுக்கு சார் ஈ? நான் குடிக்கிறது கெடையாது. பிந்தி வந்தது கெடையாது. இந்த வருஷம் எத்தன பந்து விட்டேன்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்க."

"நல்லா ஆடுறப்பா, யாரு இல்லேன்னா? வயசு பத்தொம்பது. வேற எங்கயும் போக முடியாது. அப்புறம் நாங்க எதுக்குக் கூட்டிக் குடுக்கணும், சொல்லு?"

மணி கேட்டால் மணி சொல்வார்களே, அப்படிச் சொன்னார் அக்கா. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு தேங்க்ஸ் என்று தெருவுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். என் குறும்புக்குக்கூட அங்கே மதிப்பில்லை. நான் நல்ல பிள்ளையாக இருந்திருந்தாலும் அதே அறுபதுதான்.

இதை மட்டைக்காரனுக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கிற எங்கள் பின்காப்பாளன் லென்ஸிடம் சொன்னேன். அவனுக்கு முப்பத்து மூன்று வயது, ஐந்து வருடமாக அதே பட்டியலில் இருக்கிறான். வெறுங்கையால் பந்து பிடித்துப் பிடித்து இடது கையில் இரண்டு விரலில் அவனுக்கு உணர்ச்சியே கிடையாது. சுருட்டு நெருப்பை வைத்துக் காட்டுவான், பந்தயம் கட்டி பீர் வாங்குவான். "மொத வருஷம்தான் குத்தும்டா. அப்புறம் தெரியாது" என்றான். விரலைச் சொன்னானா, பட்டியலைச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

ஆகவே இதுதான் முடிவு. டிசம்பர் முதல் தேதிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் மார்ஸ்டனும் இல்லை, வேறெதுவும் இல்லை. வீட்டுக்கு வரும் தாளை உடனே நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பு. கையெழுத்துப் போட்டால் முன்பணம் கொஞ்சம் தருவார்கள். அதை மிசஸ் காயிலுக்குக் கொடுத்து எதாவது வழி பண்ணலாம். லூக்கிடம் நானே எழுதுகிறேன்.

நம்பு என்று சொல்லமாட்டேன். தாளை மட்டும் அனுப்பு.

மலாக்கி


ட்ராய்
13 நவம்பர் 1888

மலாக்கி,

உன் ஒப்பந்தத் தாள் வெள்ளிக்கிழமை வந்தது. சபாஷ். தாள் தடிமன், எழுத்து கச்சிதம், மேலே பருந்துப் படம். மார்ஸ்டன் தபால் முத்திரைகூட விழுந்திருக்கிறது. புறப்படும் முன் நீயே போட்டுவிட்டுப் போயிருப்பாய். உள்ளே பதினெட்டாவது பத்தி என்று ஒன்று. 'அடுத்த வருடத்துக்கும் மேற்படி ஆட்டக்காரரைத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை'. இந்த ஒரு வரிக்காகவே உனக்கு ஒரு ரொட்டி சுட்டு அனுப்பலாம்.

சொன்னபடி பதில் எழுதிவிட்டேன். அந்தத் தாளிலேயே, குறுக்காக, பெரிய எழுத்தில். மார்ஸ்டன் விலாசத்துக்கே திருப்பி அனுப்பினேன். அங்கே உன் கூட்டாளி யாரோ இதைப் பிரித்து உனக்குச் சொல்லி இரண்டு பேரும் சிரிப்பீர்கள் என்று தெரியும். எழுதியது இதுதான்:

'கனம் பொருந்திய முதலாளிமார்களே, இந்தச் சம்பளத்துக்கு எங்கள் வீட்டுப் பூனைகூடப் பந்து பொறுக்காது. கூட்டிப் பெருக்க ஆள் வேண்டுமானால் உங்கள் பெண்டாட்டிகளைக் கூப்பிடுங்கள். என்னைத் தக்கவைக்க நான் என்ன ஊறுகாயா? இப்படிக்கு, மலாக்கி டியர்னி.'

உன் கையெழுத்தை நானும் போடுவேன். ரோஸ் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, அச்சு அசல் என்றாள்.

சரி. சிரித்தாகிவிட்டது. இப்போது எந்தத் தேதி ரயில் என்று எழுது. பாதிரியாரிடம் பிப்ரவரி இருபத்தாறு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வின்னி


நியூ ஆர்லியன்ஸ்
20 டிசம்பர் 1888

அக்கா,

இதோடு ஒரு செய்தித்தாள் துண்டு இருக்கிறது. அச்சடித்தது நானில்லை. எந்தக் கடையிலும் வாங்கிப் பார்க்கலாம், ஐந்து சென்ட். 'ஒழுங்கின்மை காரணமாகக் கருப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டோர்' என்ற தலைப்பின் கீழ் மூன்று பெயர். நடுவில் இருப்பது நான்.

அந்தத் தாள் நிஜம். பெல்டன் அதை முதலாளிகள் கூட்டத்தில் சத்தமாக வாசித்தாராம். பெண்டாட்டிகள் என்ற இடத்தில் நிறுத்தி இரண்டாம் தடவை வாசித்தாராம்.

'அதை எழுதியது நானில்லை, என் அக்கா' என்று தந்தி கொடுக்கலாம் என்று லென்ஸ் சொன்னான். கொடுத்துப் பார்த்தேன். பதில் மூன்றே சொல்: 'இன்னொரு குறும்பு வேண்டாம்.'

கருப்புப் பட்டியலில் இருப்பவனோடு சேர்ந்து ஆடினால் மற்றவர்கள் பெயரும் அதில் ஏறும். ஆகவே லென்ஸும் மற்றவர்களும் நேற்று நான் இல்லாமல் மொபைல் ஊருக்குப் போனார்கள். லென்ஸ் ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்துவிட்டுப் போனான். எனக்குப் பெரிது.

துறைமுகத்தில் பஞ்சு மூட்டை ஏற்றுகிறேன். கை நன்றாகத்தான் இருக்கிறது.

நல்ல கிறிஸ்துமஸ்.

ம.


ட்ராய்
7 ஜனவரி 1889

மலாக்கி,

செய்தித்தாள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் நினைத்தது என்ன தெரியுமா? இதையும் அச்சடிக்கலாமே என்று. அதை உனக்கு மறைக்கமாட்டேன்.

சனிக்கிழமை அரை நாள் கூலியை விட்டுவிட்டு ஆல்பனிக்குப் போனேன். கில்ராய் குளிர்காலத்தில் ஒரு மதுக்கடையில் நிற்கிறார். நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது. டியர்னியின் அக்கா என்றேன். தொப்பியை எடுத்துவிட்டு என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார்.

"எந் தம்பி சொல்றதெல்லாம் நெஜமா?"

"எதம்மா?"

"சம்பளம் இல்லாமயும் அவங்க ஆளுன்றது. பட்டியலு. வகுப்பு."

"நெஜந்தாம்மா. நானும் ஒரு பட்டியல்லதான் இருக்கேன், நாலு வருஷமா."

"இதுக்கு எதுக்கு எல்லாரும் கையெழுத்துப் போடுறீங்க?"

"போடலேன்னா பந்தாட முடியாதே." பிறகு அவராகவே சொன்னார்: "உன் தம்பிக்கு நூத்திப்பத்துன்னு நான் சொன்னது அவன் ஆட்டத்துக்கான வெல. அறுபதுன்னு அவங்க சொல்றது, கேக்க வேற ஆளில்லாததுக்கான வெல. அவ்வளவுதாம்மா வித்தியாசம்."

குதிரை டிராமில் திரும்பி வந்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். நடந்து வந்தேன். அழுகை வரும் என்று கைக்குட்டை எடுத்து வைத்திருந்தேன். வரவில்லை. வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு சீவினேன்.

அன்றைக்கே மிஸ்டர் பெல்டனுக்கு எழுதினேன். எழுதியதும் கையெழுத்துப் போட்டதும் நான், என் தம்பிக்குத் தெரியாது, வேண்டுமானால் பாதிரியாரிடம் கேளுங்கள் என்று. பாதிரியாரிடம் சாட்சிக் கடிதம் வாங்கி வைத்திருக்கிறேன். நான் எழுதியதைப் படித்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதமாட்டேன்.

நீ எதாவது எழுது. திட்டி எழுது.

வின்னி


ட்ராய்
19 பிப்ரவரி 1889

மலாக்கி,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை மிசஸ் துப்ரேயின் விலாசத்துக்கே அனுப்புகிறேன். அவர் உன்னைத் தேடிப் பிடித்துக் கொடுப்பார் என்று நம்புகிறேன்.

மிஸ்டர் பெல்டன் பதில் போட்டிருக்கிறார். உன் பெயரைக் கருப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். 'தங்கள் வாக்குமூலத்தையும், எங்கள் இரண்டாம் தள ஆட்டக்காரர் ஓய்வு பெற்றுவிட்டதையும் முன்னிட்டு' என்று எழுதியிருக்கிறார். புது ஒப்பந்தம் கூடவே வந்திருக்கிறது. அதே ஈ வகுப்பு. மாதம் ஐம்பது. பத்து குறைத்தது ஏன் என்று எழுதவில்லை. மார்ச் பத்துக்குள் கையெழுத்து.

அது வந்து ஆறு நாள் ஆகிறது. சமையலறைத் தட்டில், தேயிலை டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஏன் என்று சொல்கிறேன். இதை உனக்கு அனுப்பாவிட்டால் நீ பஞ்சு மூட்டை ஏற்றிச் சலித்து எப்படியும் வீட்டுக்கு வருவாய். இங்கே லூக் வேலை பார்க்கிற அடுப்பு ஆலையில் அவன் இடத்தை உனக்குக் கேட்டும் வைத்திருந்தான். நீ அப்பாவைப் பார்த்துக்கொள்வாய், நான் சிகாகோ போவேன். எல்லாம் சரியாக வரும். உனக்குத் தெரியவும் தெரியாது.

நேற்று லூக்கிடம் சொன்னேன். அவன் அப்பாவைத் தூக்கிக் கட்டிலில் போட்டான், போர்வையைச் சரிசெய்தான். பிறகு கேட்டான்.

"அனுப்பப் போறியா?"

"அனுப்பாம இருந்தா நீ என்ன நெனப்ப?"

"நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன் வின்னி. சந்தோஷப்படுவேன். அதான் பயமா இருக்கு."

"ஒரு தடவ அவனுக்குப் பதிலா நான் பதில் சொல்லிட்டேன்" என்றேன். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டான். சிகாகோவில் இடம் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றான். எழுதுவான். அக்டோபர் வரை பொறுத்திருக்கச் சொல்லி நானும் எழுதலாம் என்று இருக்கிறேன்.

பாதிரியாரிடம் இருபத்தாறாம் தேதியை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

ஒப்பந்தம் இந்த உறைக்குள் இருக்கிறது. கையெழுத்துப் போடு, அல்லது கிழித்துப் போடு, அல்லது வீட்டுக்கு வா. அது உன் தாள். அதில் நான் ஒன்றும் எழுதவில்லை.

வின்னி


மார்ஸ்டன்
28 ஏப்ரல் 1889

அக்கா,

கையெழுத்துப் போட்டது உனக்குத் தெரிந்திருக்கும். முன்பணம் பதினைந்து டாலர், போன வாரம் மிசஸ் காயில் பெயருக்கு அனுப்பினேன். அப்பாவைத் தூக்க அவள் மகனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல். இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. எழுத உட்கார்ந்தால் கை சும்மா இருந்தது.

நேற்று முதல் ஆட்டம். காலையில் ஆறு மணியிலிருந்து மைதானம் கூட்டினேன். பலகை மேடைக்கு அடியில் போன வருடத்துக் கடலைத் தோல் ஒரு வண்டி. பன்னிரண்டு மணிக்கு வாசலில் நின்று டிக்கெட் வாங்கினேன். உடுப்பு உள்ளே, மேலே கோட்டு. ஆயிரத்து நூறு பேர். ஆளுக்கு இருபத்தைந்து சென்ட். என் ஒரு மாதச் சம்பளம் முதல் இருநூறு பேரிலேயே உள்ளே போய்விட்டது. மிச்சப் பேரை எண்ணுவதை அதோடு நிறுத்திவிட்டேன்.

இரண்டரைக்குக் கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு ஓடிப்போய் இரண்டாம் தளத்தில் நின்றேன். நன்றாக ஆடினேன். நான்காவது இன்னிங்ஸில் தலைக்கு மேல் போன ஒன்றைத் தாவிப் பிடித்தேன். ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். போன வருடம் அப்படிக் கத்தினால் தொப்பியைத் தூக்கி ஒரு கோமாளி வணக்கம் போடுவேன். நேற்று அது தோன்றவே இல்லை. பந்தை எறிந்துவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் பேரனோடு நின்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், இன்னிங்ஸ் முடிந்து நான் வரும்போது கூப்பிட்டார்.

"ஏம்பா, நீ வாசல்ல டிக்கெட் வாங்குன ஆளு இல்ல?"

"ஆமா சார்."

"ரெண்டும் நீதானா? அப்ப ரெண்டு சம்பளமா?"

"இல்ல சார். ரெண்டுக்கும் சேத்து அரைச் சம்பளம்."

அவர் பலமாகச் சிரித்தார். நல்ல தமாஷ்காரன் என்று பேரனிடம் சொன்னார். அந்தப் பையனும் சிரித்தான். நானும் கொஞ்சம் சிரித்துவைத்தேன்.

லென்ஸ் இந்த வருடம் இல்லை. மூன்றாவது விரலும் போய்விட்டது. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது அவன் எந்தக் கிளப்புக்கு வேண்டுமானாலும் போகலாம்.

லூக் சிகாகோவிலிருந்து எனக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை; அடுப்புகளைப் பற்றி இரண்டு பக்கம். அவனை அக்டோபர் வரை பொறுத்திருக்கச் சொல்லி எழுதப்போவதாகச் சொன்னாய். எழுதாதே அக்கா. இருபதாம் தேதி ஒப்பந்தம் முடியும், பட்டியல் வரும், அதில் என் பெயர் இருக்கும். அதற்கு அடுத்த வருடமும் இருக்கும். கை போகிறவரை இருக்கும்.

வேறு எதை நம்பாவிட்டாலும் இதை நம்பு.

மலாக்கி